மேற்படி கல்லூரியின் முன்னாள் மாணவர்கள்

நல்லதம்பி காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது. கே.கே. நகரிலிருந்து பீமராவ். சட்டக் கல்லூரியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை இரண்டு பேருமாகப் படிக்காமல் இருந்தவர்.

"என் மேல எதுக்குப்பா கேஸ் போடப் போற?"

நல்லதம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு யார் மேலும் கேஸ் போடுகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

"உன் நோட்டீஸ் வந்திருக்கு, ரிஜிஸ்டர் தபால்ல. என் சம்சாரம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினா. படிச்சிட்டு, காலேஜ்ல அப்படி என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னு விடிஞ்சதுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா."

"அது நோட்டீஸ் இல்லப்பா. நம்ம சங்கத்துப் பொதுக்குழுவுக்கு அழைப்பிதழ்."

மறுமுனையில் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பீமராவ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'தாங்கள் மேற்படி கல்லூரியில் ஐந்தாண்டு காலம் பயின்று, அதன் மூலம் பட்டமும் பயனும் அடைந்துள்ளீர்கள். அதன் பின்னிட்டு மேற்படி கல்லூரியைத் தாங்கள் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்காமல் இருந்து வருகிறீர்கள். ஆகவே கீழ்க்கண்ட தேதியில் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கப்படும். அதனால் ஏற்படும் சகல செலவுகளுக்கும் நஷ்டங்களுக்கும் தாங்களே பொறுப்பு.' இதுவா அழைப்பிதழ்?"

"கீழ மதிய விருந்து உண்டுன்னு போட்டிருக்கேனே."

"அதைத்தான் அவ ரொம்ப சந்தேகப்படறா" என்று சொல்லி பீமராவ் போனை வைத்துவிட்டார்.

நல்லதம்பி எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கும் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாடகைக்காரரைக் காலி செய்வது என்று கால் நூற்றாண்டாகத் திருச்சி கோர்ட்டில் அவருக்குப் பிழைப்பு. கூடவே, கொள்ளிடக்கரை சட்டக் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததால் அது அவரிடமே தங்கிவிட்டது.

சங்கத்துக்கு இருந்தது ஒரே வியாதி. பொதுக்குழுவுக்கு ஆள் வராது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள். ஒரு தேதியைச் சொன்னால் அதற்கு வாய்தா கேட்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும், கைகளுக்குச் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காவது வந்தால்தான் கோரம். போன வருஷம் கூட்டத்தில் இருந்தவர்கள் செயலாளர், தலைவர், மைக்செட்காரர். மைக்செட்காரரை உறுப்பினராகச் சேர்க்க விதியில் இடமிருக்கிறதா என்று கூட நல்லதம்பி புரட்டிப் பார்த்தார்.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. கல்லூரி மாடியில் உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருக்கும் பெரிய கூடம் ஒன்று உண்டு. முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள், உட்கார்ந்து படிக்க இடமில்லாமல் மாடிப்படியில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார்கள். மேலே ஏறுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து வழிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நல்லதம்பிக்கு மனசு கேட்காது. கூடத்தைப் படிப்பகமாக்கித் தருகிறோம் என்று நிர்வாகத்திடம் நடையாக நடந்தார். நிர்வாகம் கடைசியில் இறங்கி வந்தது. ஆனால் சங்கப் பொதுக்குழு முறைப்படி கூடித் தீர்மானம் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். இந்த வருஷமும் கூடாவிட்டால் கூடம் ஒரு பாத்திரக் கடைக்குக் கிடங்காக வாடகைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டது. நல்லதம்பி ஆண்டு விழா மேடையில் ஏறி, படிப்பகம் வந்தே தீரும் என்று பிள்ளைகள் முன்னால் வாக்குக் கொடுத்தார். அவர்கள் கைதட்டியது இன்னும் அவர் காதில் இருந்தது.

அதனால்தான் வாட்ஸ்அப்பை நம்பாமல், காகிதத்தில் ஒரு மரியாதையான அழைப்பு அனுப்புவது என்று முடிவு செய்தார். கோர்ட் முடிந்து வந்த களைப்பில், கண்ணை மூடிக்கொண்டு, ஜூனியர் அல்ஷிஃபாவிடம் வாய்மொழியாகச் சொன்னார். அவர் மனதில் இருந்தது என்னவோ அன்புதான். ஆனால் கால் நூற்றாண்டாக நோட்டீஸ் தவிர வேறு எதையும் சொல்லாத வாய்க்கு வேறு வழி தெரியவில்லை. மனைவி விஜயராணிக்கு அவர் எழுதி வைக்கும் மளிகைச் சீட்டே 'மேற்படி துவரம்பருப்பு' என்றுதான் இருக்கும்.

எழுதி முடித்ததும் அல்ஷிஃபா தயங்கினாள். மேலே அழைப்பிதழ் என்று தலைப்புப் போடலாமா என்று கேட்டாள். படித்தாலே புரியும், தலைப்பு எதற்கு என்று நல்லதம்பி சொல்லிவிட்டார். அப்படியே அவருடைய வக்கீல் லெட்டர்ஹெட்டில் அச்சாகி, ஒப்புகை அட்டையோடு, சங்கத்தின் பழைய விலாசப் பட்டியல்படி திருச்சி முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பீமராவுக்கு விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நல்லதம்பி அன்று மாலையே நேரில் போனார். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். பீமராவின் மனைவி ஆப்பிளைத் தொடவில்லை. பீமராவ் நாற்காலியைக் காட்டிவிட்டு, தன் போனில் பேச்சைப் பதிவு செய்கிறார் என்பது தெரியும்படியே அதை மேஜையில் வைத்தார்.

"நோட்டீஸ் அனுப்பினவனே வீடு தேடி வந்து சமாதானம் பேசறான்னா என்ன அர்த்தம்? நீயும் வக்கீல்தானே, நீயே சொல்லு."

நல்லதம்பி சொல்ல வேண்டியிருந்தது. "கேஸ் வீக்குன்னு அர்த்தம்."

"நீயே ஒத்துக்கிட்ட" என்றார் பீமராவ். வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் கொஞ்சம் இளகினார். மத்தியானம் சித்தார்த்தன் வந்திருந்ததாகச் சொன்னார். 'உனக்கும் வந்ததா?' என்று கேட்டு, தபாலை வாங்கி இரண்டு தரம் வாசித்தாராம். வக்காலத்தைக் கொடு, காசு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனாராம்.

சித்தார்த்தன் பெயரைக் கேட்டதும் நல்லதம்பி செருப்பை மாட்ட மறந்து படியிறங்கினார். அவரும் அதே வகுப்பு. மாவட்டத்தில் பெரிய கிரிமினல் வக்கீல், சமீபத்தில் காட்டூரில் வீடு கட்டிக் குடிபோனவர். குறுக்கு விசாரணையில் அவர் எழுந்தால் சாட்சிக்குத் தன் பெயரே மறந்துபோகும். படிக்கிற காலத்தில் மாணவர் தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நல்லதம்பி ஜெயித்தார். அதோடு பேச்சு நின்றது. கோர்ட் வராந்தாவில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அந்த வாரமே பதில் நோட்டீஸ்கள் வரத் தொடங்கின. எல்லாம் சித்தார்த்தன் லெட்டர்ஹெட்டில். அல்ஷிஃபா ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்க, நல்லதம்பி தலையில் கை வைத்துக் கேட்டார்.

"'எனது கட்சிக்காரர் மேற்படி கல்லூரியில் படித்தார் என்பது தாங்கள் ருசுப்படுத்த வேண்டிய சங்கதி. படித்ததாகவே வைத்துக்கொண்டாலும், அதனால் அவர் எந்தப் பயனும் அடையவில்லை. பயன் அடைந்ததாகவே வைத்துக்கொண்டாலும், திரும்பிப் பார்க்கும் கடமை சட்டப்படி அவருக்கு இல்லை.'"

நன்றாக எழுதியிருக்கிறான் என்று நல்லதம்பிக்கே தோன்றியது. அதுதான் அவருக்கு மேலும் கவலையாக இருந்தது.

சித்தார்த்தன் சும்மா இருக்கவில்லை. சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு பழைய வகுப்புத் தோழர்கள் வீடு வீடாகப் போனார். எல்லாரிடமும் அதே கேள்வி, உனக்கும் வந்ததா. வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து வக்காலத்து. பல வருஷமாகப் பேசாதவர்கள் அவரோடு காபி குடித்தார்கள். நோட்டீஸைப் பிரிக்காமல் ஓரமாகப் போட்டு வைத்திருந்தவர்களும் அவர் வந்து கேட்டபிறகு பிரித்துப் பார்த்துக் கொதித்தார்கள்.

ஒரு விளக்கக் கடிதம் அனுப்பி இதை முடித்துவிடலாம் என்று நல்லதம்பி உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அல்ஷிஃபா பக்கத்திலேயே நின்று, எளிமையாச் சொல்லுங்க சார், வாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும் சார், என்று கெஞ்சினாள். அவரும் முயற்சி செய்தார். ஆனால் முதல் வரியே 'முந்தைய அறிவிப்பில் கண்ட சங்கதிகளுக்குப் பாதகமில்லாமல்' என்று வந்து நின்றது. ஒரு வக்கீலுக்கு அதை விட்டுவிட்டு ஆரம்பிப்பது சட்டை போடாமல் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி. 'மேற்படி அறிவிப்பை அழைப்பாகப் பாவித்துக்கொள்ள வேண்டியது' என்று முடித்தார். அல்ஷிஃபா பெருமூச்சோடு அச்சடித்தாள்.

அதற்குச் சித்தார்த்தன் அனுப்பிய பதில் ஒரே பக்கம்தான். நோட்டீஸை அழைப்பாகப் பாவிக்கச் சொல்வது, நோட்டீஸ்தான் என்று ஒப்புக்கொள்வதாகும். விருந்து உண்டு என்பது கட்சிக்காரர்களைக் கலைக்கும் முயற்சி. செயலாளர் பொதுவில் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலக வேண்டும்.

அன்று இரவு நல்லதம்பிக்குச் சோறு இறங்கவில்லை. பதவி போனால் போகிறது, ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலாவது இருப்பீர்கள் என்று விஜயராணி ஆறுதல் சொன்னாள்.

"பதவி கிடக்கட்டும் ராணி. அந்தப் புள்ளைங்க மாடிப்படியிலயே உக்காந்திருக்குமே. நான் மைக்குல சொன்னவனாச்சே."

விஜயராணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் நல்லதம்பி ஸ்ரீரங்கத்துக்குப் போனார். சங்கத் தலைவர் ரங்கநாதன் உத்தர வீதியில் இருந்தார். கல்லூரியின் முதல் வகுப்பில் படித்து, மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர். சேவித்துவிட்டு வந்து ஈரத் திருமண்ணோடு உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். நல்லதம்பி பேசிப் பேசி ஓய்ந்த பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஸ்வாமி, இத்தனை பேர் மனஸ்தாபப்பட்டிருக்கா. எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் கேட்டுடறதுதான் தர்மம். அடியேன் தேதி போட்டுடறேன்."

போட்டுவிட்டார். நீதிபதியாக இருந்தவர் இரண்டு தரப்பைப் பார்த்தால் தேதி போடாமல் இருக்க முடியாது. பொதுக்குழு நடக்கிற அதே ஞாயிறு, அதே இடம், சமரசப் பேச்சு. எல்லாரும் தத்தம் வக்கீலோடு ஆஜராக வேண்டும் என்று சித்தார்த்தனுக்கு அங்கிருந்தே போனில் சொன்னார். சித்தார்த்தன் உடனே சம்மதித்தார். ஒருவர் கூட வாய்தா கேட்கமாட்டார்கள் என்று அவரே உறுதி கொடுத்தாராம்.

நல்லதம்பி காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது ராஜினாமா வாசகத்தை மனதுக்குள் அமைத்துக்கொண்டே வந்தார். அதுவும் 'மேற்படி' என்றுதான் ஆரம்பித்தது. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. சித்தார்த்தன் எல்லாருக்காகவும் பதில் கொடுத்துவிட்டார், தனக்காக மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அதை எங்கே, எப்போது எடுக்கப்போகிறாரோ என்று நினைத்தாலே நல்லதம்பிக்கு வேர்த்தது.

அந்த ஞாயிறு காலை கல்லூரி வாசலில் நல்லதம்பி கண்டதை அவரால் நம்ப முடியவில்லை. ரோட்டு முனைவரை கார். கறுப்புக் கோட்டு, கையில் கேஸ் கட்டு, முகத்தில் கோபம். வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கைகள் எல்லாம் உடம்போடு வந்திருந்தன. பலர் தங்களுக்கு வாதாட இன்னொரு வக்கீலையும் கூட்டி வந்தார்கள். அவர்களும் இதே கல்லூரியில் படித்தவர்கள். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு படி அரிசி உலையில் போட ஓடினார்.

வாசலில் அல்ஷிஃபா வருகைப் பதிவோடு உட்கார்ந்திருந்தாள். ஆஜர் ஆகிறேன் என்று எழுதிக் கொடுக்காமல் எந்த வக்கீலும் உள்ளே வரமாட்டார். எல்லாரும் 'ஆட்சேபணையுடன்' என்று குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் நல்லதம்பி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"சார், கோரம் தாண்டி எங்கேயோ போயிடுச்சு."

"ஆட்சேபணையோட வந்தாலும் கோரம்தானா?"

"வந்தாங்களாங்கிறதுதான் சார் விதி. சந்தோஷமா வந்தாங்களான்னு விதியில இல்ல."

நல்லதம்பியின் கண்ணில் சட்டென்று தண்ணீர் வந்துவிட்டது. எழுதிக் கொண்டுவந்திருந்த ராஜினாமாவை மடித்துச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

மேடையில் ரங்கநாதன் நடுநாயகமாக உட்கார்ந்தார். சித்தார்த்தன் எழுந்தார். மண்டபம் அடங்கியது. நோட்டீஸில் உள்ள முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், என் கட்சிக்காரர்கள் இந்தக் கல்லூரியால் பயன் அடைந்தார்கள் என்கிறது அது, அது முழுப் பொய் என்று நிரூபிக்கிறேன் என்றார். சாட்சியாக பீமராவைக் கூப்பிட்டார்.

"நீங்க படிச்ச காலத்துல இங்க உக்காந்து படிக்க இடம் இருந்துச்சா?"

"இல்ல. மாடிப்படியிலதான் உக்காந்தோம்."

"மழை பெஞ்சா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவோம். மணப்பாறை பஸ்ல ஏறி உக்காந்து படிச்சிட்டு, கண்டக்டர் விசிலடிச்சா இறங்கிடுவோம்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். ஒருவர் கோயில் மதில் நிழலில் படித்தாராம். ஒருவர் சினிமா கொட்டகையில் இடைவேளை வெளிச்சத்தில் படித்தாராம். ஒரு பெண் வக்கீல், பரீட்சைக்கு என் சித்தி கல்யாணப் பந்தலுக்கு அடியில் படித்துத்தான் பாஸானேன் என்றார். சொல்லச் சொல்லக் கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலத்துப் பட்டப்பெயர்களால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். சித்தார்த்தன் விடவில்லை, கடைசி சாட்சிவரை கேட்டு முடித்து, வெற்றியோடு மேடையைப் பார்த்தார்.

"ஆகவே, இந்தக் கல்லூரியில உக்காந்து படிக்க அன்னைக்கும் இடமில்ல, இன்னைக்கும் இடமில்ல. இது சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சு."

ரங்கநாதன் நல்லதம்பியைப் பார்த்தார். "எதிர்த்தரப்பு இதை மறுக்கறதா?"

நல்லதம்பி எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாதத்தை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. "மறுக்கலைங்க. முழுசா ஒத்துக்கறேன். மாடிக் கூடம் சும்மாதான் கிடக்கு. அவ்வளவுதாங்க என் கட்சி."

தாங்கள் எதற்கு சாட்சி சொன்னோம் என்பது ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. பீமராவ்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டு தரப்பும் ஒத்துண்ட சங்கதிக்கு விசாரணை வேண்டாம் ஸ்வாமி" என்றார் ரங்கநாதன். "படிப்பகத் தீர்மானம் அப்படியே டிக்ரி ஆறது. எல்லாம் பெருமாள் திருவுள்ளம்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. சித்தார்த்தன் நேராக மேடைக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்னால் செக் புத்தகத்தை எடுத்தார். அவரை விடக் குறைவாகக் கொடுப்பதற்கு கூட வந்த வக்கீல்கள் யாருக்கும் மனம் வரவில்லை, அவருடைய கட்சிக்காரர்களுக்கும் வரவில்லை. மேஜை, நாற்காலி, மின்விசிறி, புத்தக அலமாரி என்று ஒவ்வொரு வகுப்பும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுக்க மறுத்துத் தகராறு செய்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து வழிவிட்டார்கள், முன்னாள் மாணவர்கள் கறுப்புக் கோட்டோடு மேலே ஏறி உடைந்த பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நல்லதம்பியை யாரோ தோளில் தூக்கினார்கள், கனம் தாங்காமல் உடனே இறக்கியும் விட்டார்கள்.

பந்தியில் சித்தார்த்தன் தானாகவே வந்து நல்லதம்பிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். தேர்தலுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பாயசம் வந்ததும் தன் இலைக்கு வந்ததை நல்லதம்பி இலையில் விடச் சொன்னார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அடுத்த வருஷமும் ரிஜிஸ்டர் தபால்லதான் அனுப்புவியா?"

நல்லதம்பிக்கு ஏப்பம் பாதியில் நின்றது. கை கழுவப் போன இடத்தில் சித்தார்த்தனின் டிரைவர் காத்தான் நின்றிருந்தார். நல்லதம்பி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள், உங்கள் சார் மட்டும் தனக்கு வந்த நோட்டீஸுக்கு இன்னும் பதிலே கொடுக்கவில்லை, தனியாக ஏதாவது கேஸ் போடப்போகிறாரா என்று கேட்டார்.

காத்தான் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"அவருக்கு எங்கங்க நோட்டீஸ் வந்துச்சு? கூடப் படிச்ச அத்தனை பேருக்கும் வந்துருக்கு, நம்மள மட்டும் கூப்பிடலியேன்னுதானங்க ஒரு மாசமா வீடு வீடா அலைஞ்சாரு."